சூளை நஞ்சைக் கொல்லாது

“சூளையில வெந்தா எந்த விஷமும் தங்காது” என்ற பேச்சு ஓய்கிற மாதிரி இல்லை. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் என்னிடம் பாத்திரத்துக்கு வண்ணம் தீட்டக் கற்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் சின்ன மின்சூளை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள். வண்ணப்பொடியைப் பொட்டலம் கட்டி விற்பவரும் அதையே சொல்கிறார். இதை நம்பித்தான் கண்ணில் பட்ட பொடியையெல்லாம் களிமண் குழம்பில் கரைத்து, அண்டர்கிளேஸ் (கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் பூசும் வண்ணம்) என்று பெயர் வைத்து, சோறு போடும் தட்டில் பூசுகிறார்கள். ஆபத்தான பொய் இது.

நெருப்பு எதை எரிக்கும், எதை எரிக்காது என்று பார்ப்போம். துணிச்சாயம், கேசரிப் பவுடர், மஞ்சள்தூள் எல்லாம் கரிமப் பொருள்கள். 600 டிகிரி செல்சியஸுக்குள் எரிந்து புகையாகிவிடும்; தட்டில் நிறமும் மிஞ்சாது. ஈயமும் காட்மியமும் அப்படியல்ல, அவை தனிமங்கள். தனிமத்தை எரித்து இல்லாமல் ஆக்கும் சூளை உலகத்தில் கிடையாது. காரீயச் செந்தூரத்தைப் பூசிச் சுட்டால் சிவப்பு போகும், ஈயம் போகாது. ஈய ஆக்சைடாக மாறி 888 டிகிரியில் உருகி, கிளேஸோடு கலந்து பளபளவென்று உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் ஆவியாகிச் சூளைச் சுவரில் படியும். பாதரசச் செந்தூரம் இன்னும் மோசம்: சூடேறியதும் பாதரசம் ஆவியாகி வெளியே வரும், பக்கத்தில் நிற்பவரின் மூச்சில் ஏறும். விஷம் போய்விட்டது என்கிறீர்களே, எங்கே போனது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

உடனே அடுத்த வாதம் வரும்: “மேலே கிளேஸ் மூடியிருக்கே, அடியில இருக்கறது எப்படி வெளிய வரும்?” கோபால்ட் நீலத்தில் தூரிகையால் இழுத்த ஒரு கோட்டை, கிளேஸ் போட்டு 1250 டிகிரியில் சுட்ட பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரைந்தபோது நறுக்கென்று இருந்த ஓரம் மசங்கி, நீலம் இரண்டு பக்கமும் கசிந்திருக்கும். அந்தக் கசிவுதான் பதில். உருகிய கிளேஸ் வெறும் மூடி அல்ல, ஒரு கரைப்பான். அடியில் உள்ள உலோகத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். கிளேஸ் சரியாக வேகவில்லை என்றால், புளிக்குழம்பும் தக்காளி ரசமும் எலுமிச்சை ஊறுகாயும் அதிலிருந்து உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவும். ஈயக் கிளேஸில் செம்புப் பச்சை சேர்ந்தால் ஈயம் கூடுதலாகவே வெளியேறும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் அடிபடுவது குழந்தைகளின் மூளை.

எலுமிச்சைத் துண்டை ஒரு ராத்திரி தட்டில் வைத்துப் பார்த்தேன், நிறம் மாறவில்லை என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. நிறம் மாறினால் கிளேஸ் மோசம் என்று தெரியும், அவ்வளவுதான். மாறாததால் ஈயம் இல்லை என்று ஆகாது. முறையான சோதனையில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் ஆய்வகத்தில் அளப்பார்கள். விற்பனைக்குத் தட்டு செய்கிறவர்கள் இதற்குச் செலவு செய்துதான் ஆக வேண்டும்.

பளிச்சென்ற சிவப்பு வேண்டுமா? காட்மியத்தை ஸிர்க்கோனியம் சிலிகேட் உறைக்குள் அடைத்த ஸ்டெயின் (சூளை வெப்பத்துக்கென்று செய்த வண்ணப்பொடி) கிடைக்கிறது. 1250 டிகிரிக்கும் தாங்கும். நைஸாக வேண்டும் என்று அதைக் கல்வத்தில் போட்டு அரைக்காதீர்கள். உறை உடைந்தால் காட்மியம் வெளியே வந்துவிடும்.

“ஈயம் இல்லாமல் பளபளப்பு வராது” என்பது சோம்பேறிப் பேச்சு. மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ஊர் இது. அவர்களுடைய உயர்வெப்பக் கல்மண் பாத்திரங்களில் ஃபெல்ட்ஸ்பாரே உருகிக் கண்ணாடியாகிறது. குறைந்த வெப்பத்துக்குப் போரான் கலந்த ஃபிரிட் (உருக்கி அரைத்த கண்ணாடிப்பொடி) இருக்கிறது.

பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த பழங்காலக் கருப்பு-சிவப்புப் பானைகளின் நிறம் மூலிகைச் சாயம் என்பதும் கதைதான். சாயம் என்றால் சூளையிலேயே எரிந்திருக்கும். காற்று பட்ட இடத்தில் மண்ணின் இரும்பு சிவந்தது, படாத இடத்தில் கரி ஏறிக் கருத்தது.

தரைக்குப் போடும் ரெட் ஆக்சைடும் அதே இரும்புதான். ஆனால் 1250 டிகிரியில் அது சிவப்பாக நிற்காது; பழுப்பாகும்.

இனி குழைக்கும் முறை. ஸ்டெயினைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் போதும் என்கிறார்கள். போதாது. பாத்திரத்தில் பிடிக்காது, கிளேஸில் முக்கும்போது உதிரும். நான் தொடங்கும் அளவு: ஸ்டெயின் 40 பங்கு, பால் கிளே (ball clay) 40, ஃபிரிட் 20. 100 மில்லி வெந்நீரில் 1 கிராம் சி.எம்.சி. கோந்தைத் தூவி ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கூழாகும். அந்தக் கூழும் தண்ணீரும் பாதிக்குப் பாதி விட்டுக் குழைத்து, 100 மெஷ் சல்லடையில் சலியுங்கள். தூரிகை வறட்டு வறட்டென்று இழுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். மெல்லியதாக மூன்று பூச்சு. கோந்துக்குப் பதிலாக ஃபெவிகால் ஊற்றுகிறவர்களிடம் எத்தனை முறைதான் சொல்வது? அது பிளாஸ்டிக் படலமாகக் காய்ந்து பாத்திரத்தின் உறிஞ்சும் தன்மையை அடைத்துவிடும். கிளேஸ் ஒட்டாமல் சுருண்டு விலகும். நிறம் கலப்பதிலும் கவனம் வேண்டும். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை என்பது ஸிர்க்கோனியம் ஸ்டெயின்களுக்குள் சரி. குரோம்-டின் இளஞ்சிவப்புக்குப் பள்ளிக்கூட வண்ணப்பாடம் உதவாது. துத்தநாகம் உள்ள கிளேஸின் அடியில் அது செத்துவிடும்.

பெயர் எழுதாத பொட்டலம்தான் இத்தனைக்கும் வேர். தாளில் “நீலம்”, “சிவப்பு” என்று கிறுக்கிய பொடியை எந்த நம்பிக்கையில் தட்டில் பூசுவது? என்ன உலோகம், எத்தனை டிகிரி தாங்கும், உணவுப் பாத்திரத்துக்கு ஆகுமா — இந்த மூன்றையும் தமிழில் அச்சடித்து ஒட்டாமல் எந்த வண்ணப்பொடியையும் விற்கக் கூடாது என்று அரசு சொல்ல வேண்டும். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும். அதுவரைக்கும், விற்பவர் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராவிட்டால் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டில் இருக்கிறதா? பூஜாடிக்கு வெளிப்புறம் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசும்போது முகக்கவசம் போடுங்கள், சூளை எரியும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், மேசையை ஈரத்துணியால் துடையுங்கள்.