புளோரிடாவில் புகை பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

செல்போனில் தீ வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, பல வருடம் அப்படி உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

1. வெயில் காலத்தில்தான் காடு எரியும் என்ற நினைப்பை விடுங்கள். இங்கே நடுக்கோடையில் பிற்பகல்தோறும் மழை கொட்டும். வறட்சி நவம்பரிலிருந்து மே வரை. ஜனவரியில் ஓரிரவு உறைபனி விழுந்தால் புல் சருகாகிவிடும். ஏப்ரல், மே இன்னும் மோசம். மழைக்கு முன்னால் மின்னல் வந்துவிடும்.

2. மழை பெய்த வருடமென்று நிம்மதியாக இருக்காதீர்கள். 1997-98 குளிர்காலத்தில் எல் நினோ மழை ஊற்றியது, புதர் மண்டியது. பிறகு வானம் பொய்த்தது. கோடை மழையும் நேரத்துக்கு வரவில்லை. ஜூலையில் பிளாக்லர் கவுண்டி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். இங்குள்ள குட்டைப் பனைப் புதரின் இலையில் மெழுகும் எண்ணெயும் உண்டு, பச்சையாகவே பற்றிக்கொள்ளும்.

3. மண்ணின் வறட்சியைச் சொல்லும் கீட்ச்-பைரம் எண்ணைத் தினமும் பாருங்கள். 1968இல் வந்த கணக்கு அது. 0 என்றால் மண்ணில் ஈரம் நிறைவு. 800 என்றால் மண்ணுக்கு எட்டு அங்குல மழை பாக்கி. எண் ஏற ஏற, இலைதழை மக்கிச் சேர்ந்த சதுப்பு மண்ணே எரியத் தொடங்கும். மேலே அணைந்தாலும் அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

4. செயற்கைக்கோள் காட்டும் புள்ளி தீ இருக்கும் இடமல்ல, சூடு தெரிந்த கட்டத்தின் நடுப்புள்ளி. செயற்கைக்கோளிலுள்ள விர்ஸ் என்ற கருவியில் ஒரு கட்டம் 375 மீட்டர். மேகம் மறைத்தால் புள்ளியே விழாது. ஆகவே புள்ளி இல்லாததும் நல்ல சேதியென்று அர்த்தமில்லை.

5. புள்ளியெல்லாம் காட்டுத்தீயும் அல்ல. ஒக்கிச்சோபி ஏரிக்குத் தெற்கே ஒருநாள் வரிசையாகப் புள்ளிகளைக் கண்டு தெரிந்தவர்களையெல்லாம் போனில் எழுப்பினேன். கரும்பு வெட்டுமுன் சோகை கொளுத்தியிருக்கிறார்கள்! அக்டோபரிலிருந்து வசந்தம் வரை அங்கே அதுதான் வழக்கம். வடக்கே பைன் காடுகளில் வனத்துறையின் அனுமதியோடு வைக்கிற தீ வேறு. மாநிலம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் ஏக்கர். அது வேண்டிய தீ. சருகை அப்படிக் கழிக்காவிட்டால் மின்னல் விழும் நாளில் எல்லாம் சேர்ந்து எரியும்.

6. '40 சதவீதம் கட்டுக்குள்' என்றால் 40 சதவீதம் அணைந்ததென்று பொருளல்ல. தீயின் சுற்றளவில் அவ்வளவு தூரத்துக்குத் தடுப்புக்கோடு உறுதியாகியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சப் பக்கம் எது, காற்று எங்கே திரும்புகிறது என்று கேளுங்கள்.

7. தீயைவிடப் புகைக்கு அதிகம் பயப்படுங்கள். ஈரக்காற்றுள்ள இரவில் புகையும் மூடுபனியும் கலந்து தாழ்வான இடத்தில் தேங்கும். பத்தடிக்கு அப்பால் கண் தெரியாது. 2012 ஜனவரி 29 விடியுமுன் கெய்ன்ஸ்வில் அருகே ஐ-75 நெடுஞ்சாலையில் அப்படித்தான் வண்டிகள் ஒன்றோடொன்று மோதி 11 பேர் இறந்தார்கள். பக்கத்தில் சதுப்பு புகைகிறதென்று தெரிந்தால், வெயில் ஏறும்வரை வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.