மொட்டைமாடித் தொலைநோக்கிக்கு எந்த இணைப்பு?

மார்ச் கடைசியில் இரவு பத்து மணி வாக்கில் கரீனா நெபுலா தெற்கே உச்சம் தொடும்போதும், சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 17 டிகிரிதான் இருக்கும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ தெற்குப் பக்கம் மறைப்பு இல்லாத மொட்டைமாடி வாய்த்தவர்களுக்கே அது கிடைக்கும், அதுவும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு. அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் திரையில் 'கேமரா இணைக்கப்படவில்லை' என்று வந்தால் அந்த இரவு போனதுதான். 1861-இல் வானியலாளர் நார்மன் பாக்சன் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் உட்கார்ந்து, வெறும் கண்ணைத் தொலைநோக்கியில் வைத்தே 'ஏசியா' என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்த ஊர் இது. ஆனால் இன்றைய நகர வெளிச்சத்தில், குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உள்ளே விடும் நாரோபேண்ட் ஃபில்டர் மாட்டி, ஐந்து நிமிட எக்ஸ்போஷர்களை மணிக்கணக்கில் சேர்த்தால்தான் ஒரு நெபுலா துலங்கும். எனவே கேமரா விட்டுவிட்டு வேலை செய்வது இந்த ஊரில் பெரிய நஷ்டம்.

இங்கே அடுக்குமாடிகளில் நடைமுறையில் இருப்பவை மூன்று ஏற்பாடுகள். தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு லேப்டாப்பை வைப்பது ஒன்று. நீளமான யுஎஸ்பி கேபிளைக் கீழ்வீட்டுக்கு இறக்கி, அறையிலிருந்து இயக்குவது இரண்டாவது. சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தொலைநோக்கியிலேயே கட்டிவிட்டு, வைஃபை அல்லது லேன் கேபிள் வழியாக அதைக் கையாள்வது மூன்றாவது.

நான் மூன்றாவதன் பக்கம். யுஎஸ்பி தூரத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல. யுஎஸ்பி 2 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை. யுஎஸ்பி 3 என்றால் நடைமுறையில் 3 மீட்டர். சாதாரண லேன் கேபிளோ 100 மீட்டர் வரை தாங்கும். மாடிக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை லேன் கடக்கட்டும், யுஎஸ்பி ஒரு முழத்தில் முடியட்டும்.

இரண்டாவது ஏற்பாட்டை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. எதைப் படம் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 26 மெகாபிக்சல் கேமராவின் ஒரு படம் ஏறக்குறைய 52 எம்பி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதை இறக்க யுஎஸ்பி 2-க்கு ஒன்றிரண்டு விநாடி போதும். ஆகவே நெபுலா மட்டும் எடுப்பவர், நடுவில் சிக்னலை வலுவூட்டும் ஆக்டிவ் கேபிள் 10 மீட்டர் போட்டு, மாடிப் பக்கம் தனி அடாப்டர் உள்ள ஹப்பும் வைத்தால் சமாளித்துக்கொள்ளலாம். வியாழனும் சனியும் முழுச் சட்டத்தில் எடுப்பவருக்கு இது ஒத்துவராது. 1920-க்கு 1080 அளவில் எட்டு பிட் படம் ஒன்று 2 எம்பி. விநாடிக்கு நூறு படம் என்றால் 200 எம்பி. யுஎஸ்பி 2 உண்மையில் தருவது 40 எம்பி அளவுதான். விநாடிக்கு இருபது படத்தோடு நின்றுவிடும். கோளைச் சுற்றி 640-க்கு 480 என்று சட்டத்தைச் சுருக்கிக்கொண்டால் அதே கேபிளில் நூறைத் தாண்டலாம். படம் பிடிக்கும் மென்பொருளான ஷார்ப்கேப்பில் கீழே 'டிராப்டு' எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். ஏறினால் கேபிளோ போர்ட்டோ திணறுகிறது என்று பொருள். கேமரா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

லேப்டாப்பைப் பக்கத்தில் வைப்பதுதான் இருப்பதில் எளிது. தினமும் தூக்கிக்கொண்டு போய் இறக்கி வருபவர்களுக்கு இதுவே போதும். ஆனால் விண்டோஸின் மின்சிக்கன அமைப்பில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துவிடுங்கள். நீண்ட எக்ஸ்போஷரின் நடுவே போர்ட் தூங்கிப்போகும் தொல்லை பெரும்பாலும் அதோடு தீரும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் இன்னொரு எதிரி உண்டு. உப்புக் காற்றில் சில மாதம் கிடந்த கேபிள் முனையை டார்ச் அடித்துப் பாருங்கள், தகடுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தால் சில கேபிள்கள் பிழைக்கும். கேபிளை மாடியிலேயே விட்டு வராதீர்கள்.

மூன்றாவது ஏற்பாட்டுக்குள்ளும் தேர்வு இருக்கிறது. இசட்டபிள்யூஓ கம்பெனியின் ஏஎஸ்ஐஏர் பெட்டி மிகச் சுலபம். ஆனால் அந்தக் கம்பெனியின் வானியல் கேமராக்களையும், வேறு கம்பெனிகளின் சில புகைப்படக் கேமராக்களையும் மட்டும்தான் ஏற்கும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் இண்டி மென்பொருளைப் போட்டால் பல கம்பெனிக் கேமராக்கள் ஓடும், செலவும் குறைவு, பொறுமை வேண்டும். பை 4-இன் நான்கு யுஎஸ்பி போர்ட்டுகளும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். இரண்டு கேமரா, ஃபோகஸர் என்று மாட்டினால் ஏதோ ஒன்று காணாமல் போகும். தனி மின்சாரமுள்ள ஹப் கட்டாயம். போன் சார்ஜரில் பை-யை ஓட்டவே வேண்டாம். விண்டோஸ் மினி பிசி விலை கூடுதல். ஆனால் படம் எடுக்கும் நினா, கைடு செய்யும் பிஎச்டி2, ஷார்ப்கேப் எல்லாம் அப்படியே ஓடும். வாங்கும்போது விண்டோஸ் ப்ரோ இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போக முடியாது, வேறு மென்பொருள் தேட வேண்டியிருக்கும்.

வைஃபையா, லேனா? தி.நகரில் எந்த வீட்டில் நின்று தேடினாலும் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் வரிசையாக வரும்; 2.4 கிகாஹெர்ட்ஸில் சந்தை நெரிசல். போதாததற்கு யுஎஸ்பி 3 கேபிள்களே அந்த அலைவரிசையில் இரைச்சல் போடும். கான்கிரீட் தளமும், நடுவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் மிச்ச சிக்னலை விழுங்கும். திரை உறைந்தால் கேமரா துண்டிக்கப்பட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மேலே படம் எடுப்பது அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முடிந்தால் லேன் கேபிளைப் போடுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ்.

எதையும் வாங்குவதற்கு முன் பகலில், ஹால் மேசையில் ஒரு சோதனை. கேமரா, அதோடு வந்த கேபிள், கம்ப்யூட்டரின் சொந்த போர்ட், தயாரிப்பாளரின் மென்பொருள். வேறெதுவும் கூடாது. படம் வந்தால் கேமரா நன்றாக இருக்கிறது. பிறகு ஹப், நீளக் கேபிள், நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் கைடு கேமரா என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதுவும் தெரியாது.

டிவைஸ் மேனேஜரிலேயே கேமரா பெயர் வரவில்லையா, கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள். அங்கே வந்து மென்பொருளில் மட்டும் வரவில்லையென்றால் டிரைவர், இல்லாவிட்டால் வேறொரு புரோகிராம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. போலார் அலைன்மென்ட்டுக்குத் திறந்த ஷார்ப்கேப்பை மூடாமல் நினாவைத் திறப்பது தினசரிக் கதை. முதன்மைக் கேமராவும் கைடு கேமராவும் ஒரே கம்பெனி என்றால், பிஎச்டி2 பெரிய கேமராவைப் பிடித்துக்கொண்டுவிடலாம். அதன் இணைப்புச் சாளரத்தில் எந்தக் கேமரா என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். பை-யில் கேனான் மாட்டினால், ஃபைல் மேனேஜர் அதை மெமரி கார்டாக நினைத்துத் திறந்துவிடும். அன்மவுன்ட் செய்தால்தான் இண்டிக்குக் கிடைக்கும். டிஎஸ்எல்ஆரில் ஆட்டோ பவர் ஆஃப் அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

குளிரூட்டும் கேமராவை வைத்திருப்பவர்கள் சென்னை வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே இரவில் வெளியே 30 டிகிரி. கேமரா 35 டிகிரி குறைக்கும் என்றால் மைனஸ் 5 தான் அதன் கடைசி மூச்சு. குளிர்நாட்டுக்காரர்களைப் பார்த்து மைனஸ் 15 வைத்தால் கூலர் நூறு சதவீதத்தில் நின்று 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். மெல்லிய கேபிளில் வோல்ட்டேஜ் விழும். அதே அடாப்டரில் ஹப்பும் இருந்தால் கேமரா துண்டிக்கப்படும். கோடையில் பூஜ்யம் போதும். 5 ஆம்பியர் அடாப்டரும் தடித்த கேபிளும் போடுங்கள். ரிச்சி தெருவில் இரண்டுமே கிடைக்கும். கடையிலேயே சுமை கொடுத்து வோல்ட்டேஜ் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

நகர வெளிச்சத்திலிருந்து தப்பித்து ஜவ்வாது மலைக்கு வண்டி கட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. லேப்டாப்பின் பேட்டரி விடியும்வரை நிற்காது, அங்கே பிளக் பாயின்ட்டும் இருக்காது. 12 வோல்ட்டில் ஓடும் மினி பிசியைத் தேர்ந்தெடுத்திருந்தால் மவுண்ட், கேமரா, கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே லித்தியம் பேட்டரியில் ஓட்டலாம். 19 வோல்ட் கேட்கும் மினி பிசிகளும் கடையில் அதே அலமாரியில் இருக்கும். பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள்.