கொள்ளை ஈ: பிராமாக்கஸ் இனம்

வயலோரக் குச்சிகளின் மேலமர்ந்து, பறக்கும் பூச்சிகளைப் பாய்ந்து பிடித்து உறிஞ்சும் கொள்ளை ஈயைக் குளவியென்று கருதிக் குடியானவர்கள் அடித்துவிடுவதுண்டு. குளவிக்குச் சிறகுகள் நான்கு, இதற்கு இரண்டே. முகத்தில் தாடிபோன்ற மயிர்க்கற்றையும், கண்களுக்கிடையே உச்சியில் பள்ளமும் காணப்படின் அது கொள்ளை ஈயே.

1758-ல் லின்னேயஸ், தாம் அறிந்த கொள்ளை ஈக்களை ஆசிலஸ் என்னும் பேரினத்தில் அடக்கினார். பிராமாக்கஸ் பேரினத்தை 1848-ல் வகுத்தவர் ஜெர்மானியரான லோவ். சிறகின் நுனிப்பக்கம், முன்விளிம்பையடுத்து நரம்புகளால் அடைபட்ட அறைகள் ஆசிலஸுக்கு இரண்டு, பிராமாக்கஸுக்கு மூன்று. நிறத்தையும் பருமனையும் நம்புவதற்கில்லை. பூதக்கண்ணாடிகொண்டு இவ்வறைகளையே எண்ணவேண்டும்.

இவ்வினம் இந்தியாவிலும் உண்டு. இதன் சில வகைகள் தேனீக்களையும் கொல்வதால் தேனீ வளர்ப்போர் இதனை வெறுப்பது நியாயமே. எனினும் மண்ணில் வாழும் இதன் புழுக்கள், பயிரின் வேரைத் தின்னும் வண்டுப்புழுக்களை இரையாகக் கொள்வன. தேனீப் பெட்டிகள் இல்லாத நிலங்களில் இவ்வீயை அடித்தல் கூடாது.