மொழிபெயர்ப்புப் பொத்தான் போதுமா?

பக்கத்தின் மூலையில் மொழி மாற்றும் பொத்தான் ஒன்றை வைத்துவிட்டால் இணையதளம் எல்லோருக்கும் பயன்படும் என்பது தளம் அமைப்பவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. அதை உரசிப் பார்க்க ஏற்ற ஊர் சிசிலியின் தலைநகரான பலெர்மோ. இத்தாலியில் ஈழத்தமிழர்கள் கணிசமாகக் குடியேறிய நகரங்களில் அதுவும் ஒன்று. ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் பெல்லெக்ரீனோ மலைக்குச் சைவர்களும் ஏறிப்போய் நேர்த்தி வைக்கிறார்கள். புனிதையிடம் விண்ணப்பிக்கப் படிவம் தேவையில்லை, அரசு அலுவலகத்தின் இணையதளத்துக்குத் தேவை. அந்தப் படிவத்தின் முதல் இரண்டு பெட்டிகளிலேயே பொத்தான் தோற்றுவிடுகிறது.

ஒன்று 'கொஞ்ஞோமே', அதாவது குடும்பப் பெயர். மற்றது 'நோமே', சொந்தப் பெயர். பொத்தான் இவற்றைச் சரியாகவே தமிழாக்கும். ஆனால் தகப்பன் பெயரையும் தன் பெயரையும் மட்டுமே கொண்ட தமிழருக்குக் குடும்பப் பெயர் எது? எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் கொண்ட இத்தாலிய வரிக்குறியீடான 'கொதிச்சே ஃபிஸ்காலே' இந்தப் பதிலை வைத்தே தொடங்குகிறது. கந்தையா முருகேசு (Kandiah Murugesu) என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கந்தையா குடும்பப் பெயரானால் குறியீடு கே, என், டி, எம், ஜி, எஸ் என்று தொடங்கும். முருகேசு குடும்பப் பெயரானால் எம், ஆர், ஜி, கே, டி, எச். ஒரே ஆள், கணினிக்கு இருவர். சொற்கள் எல்லாம் புரிந்தும் வேலை கெடுகிறது. வேறு சில சொற்களை மொழிபெயர்ப்பதே கெடுதல். 'பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ' என்பதைத் 'தங்கும் அனுமதி' என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவருக்கு, அலுவலகக் கதவில் எழுதியிருப்பது தான் தேடிவந்ததுதானா என்று தெரியாது. தமிழ் விளக்கத்தோடு இத்தாலியப் பெயரும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

வந்து குடியேறும் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தளம் கட்ட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, தேவையும் இல்லை. பெட்டிக்குக் கீழே எழுதும் ஒரு வரி விளக்கம், இரண்டு குடும்பப் பெயர் வைத்திருக்கும் ஸ்பானியருக்கும் உதவும். சட்டப்படிதானே தளம் இருக்கிறது என்பது அடுத்த வாதம். பொதுத்துறைத் தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் சட்டத்தை இத்தாலி 2004லேயே இயற்றியது, நல்ல சட்டம். ஆனால் திரைவாசிப்பான் பிசகின்றி வாசித்துக் காட்டும் பெட்டியிலும் தவறான பெயரை எழுத முடியும்.

மொழியை மாற்றினால் மட்டும் போதாது என்பது பலெர்மோவுக்குப் புதுப்பாடமும் அல்ல. சிசிலி மன்னர் இரண்டாம் ருஜ்ஜேரோவின் மதகுரு ஒருவர், தன் தாய் அன்னாவுக்காக 1149இல் ஒரு நினைவுக்கல் வைத்தார். எபிரேய எழுத்தில் அரபு, லத்தீன், கிரேக்கம், அரபு எழுத்தில் அரபு என நான்கு வாசகங்கள். அன்னா இறந்த ஆண்டு லத்தீனில் 1148. அரபு எழுத்திலோ ஹிஜ்ரி 543. எபிரேய எழுத்து வாசகமும் கிரேக்க வாசகமும் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து, அவரவர் கணக்கில் எண்ணுகின்றன. கல்லில் எழுதியவர், மொழியை மாற்றியதோடு நிற்காமல் வாசிப்பவரின் நாட்காட்டியையும் கேட்டறிந்திருக்கிறார்.

தளம் அமைப்பவர்களே, பொத்தானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு பெட்டிகளுக்கும் கீழே முதலில் எழுதுங்கள்: 'கடவுச்சீட்டில் உள்ளபடியே, அதே வரிசையில்.'