ரூன் எழுத்தும் ஊழும்

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே, சுவீடன், டென்மார்க்கு, ஐசுலாந்து என்னும் நாடுகளிற் கிறித்துவம் பரவுதற்கு முன் வாழ்ந்த நார்ஸ் மக்கள் ஊழைப்பற்றி ஆழ்ந்த கருத்தொன்று உடையராயிருந்தனர். கிரேக்கர் கொண்ட ஊழ்க்கொள்கையைப்போல இது நம்மவரிடை அறியப்படவில்லை. அறிந்தாருட் சிலரும், அவர்தம் ஊழும் நம் வினையும் ஒன்றே என எளிதிற் கூறி அமைந்துவிடுகின்றனர். அங்ஙனங் கூறுதல் பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

முதலில் அதற்குரிய ஆதாரங்களைக் கூறுதும். இம்மக்கள் தமக்கெனச் சமயநூல் ஒன்று எழுதி வைத்தாரல்லர். ஐசுலாந்து கி.பி. 1000-ஐ ஒட்டிக் கிறித்துவத்தைத் தழுவிப் பல தலைமுறை கழிந்த பின்னரே பழம்பாட்டுக்கள் ஏடேறின. 'எட்டா' எனப்படும் அப்பாட்டுக்களுக்குத் தலையாய ஆதாரம் 1270-ஐ ஒட்டி எழுதப்பட்ட தோற்சுவடி ஒன்றாம். நெடுங்காலம் டென்மார்க்கில் இருந்த அச்சுவடி 1971-இல் ஐசுலாந்துக்கு மீண்டது. மற்றோராதாரம் சுனோரி ஸ்துர்லுசன் (1179–1241) இயற்றிய உரைநடை நூல். இரண்டும் கிறித்துவர் கைவழி வந்தவையாகலின், அவற்றுட் கலப்பு உண்டோ என்னும் ஐயம் அறிஞர்க்கு இன்றும் நீங்கிற்றில்லை.

'வொலுஸ்பா' என்னும் பாட்டின்படி, உலகினைத் தாங்கும் இக்ட்ரசில் என்னும் மரத்தின் அடியில் கிணறு ஒன்று உளது. அதன் பாங்கர் நோர்ன்கள் எனப்படும் மகளிர் மூவர் உறைவர். உர்த், வெர்தந்தி, ஸ்குல்த் என்பன அவர் பெயர்கள். உர்த், வெர்தந்தி என்னும் இரண்டும் 'ஆதல்' என்னும் பொருள்தரும் வினைப்பகுதியிற் பிறந்தவை; ஆகி முடிந்தது, ஆகிக்கொண்டிருப்பது எனப் பொருள்படும். ஸ்குல்த் என்பது ஆகக்கடவது. அச்சொற்குக் கடன் என்னும் பொருளும் உண்டு. தமிழிலும் 'கடவது', 'கடன்' என்பன அணுக்கமுடைய சொற்களாதல் நினைக்கத்தகும். மக்கள் வாழ்நாளை வரையறுத்து விதி வகுப்பவர் இம்மகளிரே. அவ்விதியை 'ஓர்லோக்' என்ப. முதற்கண் இடப்பட்ட சட்டம் என்பது அதன் கருத்து. இவர் மரத்துண்டில் எதனையோ வெட்டினர் எனப் பாட்டுக் கூறும். வெட்டியது ரூன் எழுத்தே எனப் பின்னையோர் கொண்டனர். பாட்டில் அச்சொல் இல்லை.

இனி ரூன் எழுத்தின் வரலாறு. 'ரூன்' என்னுஞ் சொற்கு மறைபொருள் என்பதே பொருள். மறை என்னுஞ் சொல்லை வேதத்துக்கும் இரகசியத்துக்கும் ஒருங்கே வழங்கும் நமக்கு இஃது அயலாகத் தோன்றாது. 'ஹாவமால்' என்னும் பாட்டில் தேவர் தலைவனாகிய ஓடின் தானே பேசுகின்றான். காற்று வீசும் மரத்தில் ஒன்பது இரவுகள் தொங்கி, ஈட்டியாற் குத்துண்டு, உணவும் நீரும் இன்றித் தன்னைத் தனக்கே பலியாக்கி, முடிவிற் கீழ்நோக்கி அலறி அவ்வெழுத்துக்களை எடுத்தனன் என்பது அங்குள்ள செய்தி. பின்னர்த் தான் அறிந்த மந்திரங்கள் பதினெட்டினை அவன் எண்ணுகின்றான். பகைவர் படைக்கலத்தை மழுக்குதல், தளையை அவிழ்த்தல், தீயை அவித்தல், கடலைத் தணித்தல் எனப் பல அவற்றுள் உள. ஊழை மாற்றுவேன் என்னும் உரை ஒன்றேனும் அவற்றுள் இல்லை. இதனை நாம் பெரிதும் கருதுகின்றோம்.

என்னை? அவன் மகனாகிய பால்டர் இறப்பான் எனக் கனவு உணர்த்திற்று. ஓடின் பாதலஞ் சென்று இறந்துபட்ட குறிகாரியை எழுப்பி வினவி, அது மெய்யென அறிந்தனன். தாயாகிய பிரிக் உலகிலுள்ள பொருள்கள் அனைத்தினிடத்தும் 'பால்டருக்குத் தீங்கு செய்யேம்' எனச் சூள் பெற்றனள். மிசில்டோ என்னும் புல்லுருவி ஒன்றனையே இளையதென விட்டனள். அதனாலேயே அவன் மாண்டான். இறுதிப்போராகிய ரக்னரோக்கில் பென்ரிர் என்னும் ஓநாய் தன்னை விழுங்கும் என்பதும் ஓடின் அறிந்ததே. அறிந்தும் படை திரட்டுகின்றான். அறிவு முற்றியும் விடுதலை இல்லை.

நம்மவர் இதனைக் கேட்டவுடன், 'ஊழிற்கு உட்பட்டவன் பசுவே. பதியாகான்' எனக் கூறி நூலை மூடுவர். அது பொருந்திய முடிபே. ஆயினும் அவ்வளவில் நிற்றல் ஆராய்ச்சியாகாது. ஓடின் எவ்வினையின் பயனாக அழிகின்றான் என்பதன்றோ கேட்கத்தக்கது? கோட்டை கட்டிய அரக்கனுக்குத் தேவர் அளித்த உறுதியை மீறியதே வித்தென்பாரும் உளர். பாட்டோ குற்றத்தையும் அழிவையும் காரண காரியமாக இயைத்துக் கூறவில்லை. வினையின்றி விதி மட்டும் நிற்கின்றது.

மக்கள் வழக்கில் ரூன் எழுத்து மந்திரமாக மட்டும் நின்றதன்று. பழைய வரிசையில் இருபத்துநான்கும், எட்டாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்த புதிய வரிசையிற் பதினாறும் எழுத்துக்கள் உள. டென்மார்க்கிற் கிடைத்த சீப்பு ஒன்றில் கி.பி. 160-ஐ ஒட்டிய ரூன் பொறிப்பு உளது. நார்வேயிலுள்ள பெர்கன் நகரத் துறைமுகத்தில் 1955-இல் தீ நிகழ்ந்தபின் அகழ்ந்தபோது ஏறத்தாழ 670 பொறிப்புக்கள் வெளிப்பட்டன. மூட்டைக்கு உரியவன் பெயர், வணிகர் ஓலை, வேண்டுதல், காதலுரை என்பன அவற்றுட் காணப்படுவன. ஒரு குச்சியில், வீட்டிற்கு வா எனக் கியூதா என்னும் பெண் சொல்லியனுப்பிய செய்தி உளது. கி.பி. 98-இல் உரோம ஆசிரியர் டாசிட்டசு, செருமானியர் கனிதரும் மரக்கிளையை வெட்டிக் குறியிட்டு வெள்ளாடையில் எறிந்து மூன்றெடுத்துக் குறிபார்த்தனர் என எழுதினர். அக்குறிகள் ரூன்களே எனத் துணிதற்குச் சான்றில்லை. இந்நாளிற் கடைகளில் விற்கும் ரூன் கற்கட்டில் எழுத்தில்லாத இருபத்தைந்தாங் கல் ஒன்று இருக்கும். அதனை 1982-இல் வெளிவந்த இரால்ப் பிளம் என்பார் நூலே பரப்பிற்று. எழுதாத கல்லை விற்பது எளிய வாணிகம்போலும்!

இதனினும் கொடியது ஒன்று நிகழ்ந்தது. குயிதோ பொன் லிஸ்டு என்பார் 1908-இல் தாமே பதினெட்டு ரூன்களை வகுத்து இனப்பெருமைக்கு அடிகோலினர். பின்னர் நாட்சியர் ரூன் வடிவங்களைத் தம் படைக்குச் சின்னமாக்கினர். அக்கறையைத் துடைத்தலே இற்றைநாளில் பழஞ்சமயத்தை மீட்டெடுப்பார்க்குப் பெருஞ்சுமையாயிற்று. ஐசுலாந்தில் 1972-இல் தொடங்கி 1973-இல் அரசின் ஒப்புதல் பெற்ற 'ஆசாத்ரு' சங்கத்தார் இனவெறியை வெளிப்பட மறுத்துள்ளனர். 2016-இல் பல நாட்டுக் கழகங்கள் இனவேற்றுமை பாராட்டும் அமெரிக்கக் கூட்டத்தாரோடு உறவறுத்து அறிக்கை விடுத்தன.

இம்மீட்பாளருட் பலர் ஊழைப் புதுவகையிற் பொருள் செய்கின்றனர். பழைய ஆங்கிலச் சொல்லாகிய 'வூர்த்' என்பதனை எடுத்து, ஒவ்வொருவன் செயலும் கிணற்றில் அடுக்கடுக்காகப் படிந்து மேல்வருவதனை உருவாக்கும் என்பர். பவுல் பௌசாட்சு 1982-இல் எழுதிய நூல் இக்கருத்திற்குப் பெருந்துணை செய்தது. குடியினர் செய்ததும் வழித்தோன்றல்களைத் தொடரும் என்பது அவருட் பலர் கொள்கை. வினை எனும் நம் கருத்திற்கு இது மிக அணித்தாய் வருதல் உண்மை. ஆயின் இது பழம்பாட்டு நேரே கூறியதன்று, இக்காலத்தார் உரை. ஆகவே, பழைய நார்ஸ் மக்கள் வினைக்கொள்கை உடையர் என இதனைச் சான்றாகக் காட்டுதல் பிழையாம்.

இனி வேற்றுமை காண்பாம். சித்தாந்தத்தில் ஒருவன் செய்த வினை அவனையே சாரும், குடிமுழுவதற்கும் பொதுச்சொத்தாகாது. அன்றியும் வினை சடமாகலின் தானே சென்று பொருந்தமாட்டாது. அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும் எனச் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் நிறுவும். அங்ஙனங் கூட்டுதலும் மலம் பரிபாகமுற்று உயிர் வீடு பெறுதற்பொருட்டேயாம். நோர்ன்கள் வகுப்பர், எதன்பொருட்டு வகுக்கின்றனர் என்பது கூறப்படவில்லை. ரக்னரோக்கின் பின் நிலம் பசுமையோடு மீள எழும், பால்டரும் மீள்வன். ஓடின் மீள்வான் எனப் பாட்டுச் சொல்லிற்றில்லை. ஸ்குல்த் என்னும் பெயர் கடனைக் குறிக்குமாயின், அக்கடனைக் கொடுத்தார் யார் என்னும் வினாவை இற்றை மீட்பாளரை நோக்கி நாம் கேட்டற்கு உரியம்.