லீசிங் தாளில் கையொப்பமிட முன்: புதிய கார் எமக்கு வசதியா, சுமையா?





சில வாரங்களுக்கு முன் ஒரு சகோதரரும் அவரது மனைவியும் எமது நிதியத்தின் அலுவலகத்துக்கு வந்தார்கள். புதிய கார் ஒன்றை லீசிங்கில் எடுக்கத் தீர்மானித்திருந்தார்கள். நோயாளியான வாப்பாவை மாதம் இரு முறை கிளினிக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிள்ளைகள் மூவரையும் பாடசாலைக்கு விட வேண்டும். காரணம் நியாயமானதே. முற்பணத்தில் ஒரு பகுதி மனைவியின் நகையை விற்ற பணம். கையில் மூன்று நிறுவனங்களின் கொட்டேஷன் இருந்தது. "தவணை குறைந்ததை எடுக்கப் போகிறோம். பிணைக்குக் கையொப்பமிட ஒருவர் வேண்டும்" என்றார்கள்.

மூன்று தாள்களையும் மேசையில் விரித்து ஒரு மணித்தியாலம் கணக்குப் பார்த்தோம். தவணை குறைந்த தாளே மூன்றிலும் விலை கூடியதாக இருந்தது. அந்தக் கணக்கையே இம்மாதப் பாடமாகத் தருகிறோம். விளங்குவதற்காகத் தொகைகளை இலகுவாக்கியிருக்கிறோம். மார்க்க விடயத்துக்குப் பிறகு வருவோம். முதலில் தாளை வாசிக்கப் பழகுவோம். "வட்டி" என்று எழுதியிருந்தாலும் "இலாப வீதம்" என்று எழுதியிருந்தாலும் கூட்டிக் கழிக்கும் முறை ஒன்றுதான்.

தவணையை அல்ல, மொத்தத்தைப் பாருங்கள்

காரின் விலை 60 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். முற்பணம் 30 இலட்சம். மீதி 30 இலட்சத்துக்கு 60 மாத லீசிங்.

முதலாவது தாள்: வருடத்துக்கு 9 சதவீதம், "பிளாட் ரேட்". மாதத் தவணை 72,500 ரூபா. 60 மாதத்தில் கட்டுவது 43,50,000 ரூபா. பெற்றதை விட 13,50,000 ரூபா அதிகம்.

இரண்டாவது தாள்: வருடத்துக்கு 15 சதவீதம், குறைந்து செல்லும் மீதியில் கணக்கிடப்படுகிறது. மாதத் தவணை 71,370 ரூபா. மொத்தம் 42,82,200 ரூபா. அதிகம் 12,82,200 ரூபா.

மூன்றாவது தாள்: மாதத் தவணை 62,000 ரூபா மட்டுமே. ஆனால் கடைசியில் ஒரே தடவையில் 10 இலட்சம் கட்ட வேண்டும். மொத்தம் 47,20,000 ரூபா. அதிகம் 17,20,000 ரூபா.

9 சதவீதம் 15 சதவீதத்தை விடக் கூடிய செலவாவது எப்படி? பிளாட் ரேட்டில் ஐந்து வருடமும் முழு 30 இலட்சத்துக்கே வீதம் போடுகிறார்கள். நீங்கள் பாதியைக் கட்டி முடித்த பிறகும் கட்டாதது போலவே கணக்கு நடக்கிறது. இந்த 9 சதவீதத்தைக் குறைந்து செல்லும் மீதிக்கு மாற்றினால் ஏறத்தாழ 15.7 சதவீதம் வருகிறது. எனவே இரண்டு வீதங்களை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவையா என்று கேளுங்கள். அதிகாரி சுற்றி வளைத்தால் வீதத்தை விட்டுவிடுங்கள். தவணையை மாதங்களால் பெருக்கி, கடைசித் தொகையையும் கட்டணங்களையும் கூட்டுங்கள். பெருக்கல் தெரிந்த பிள்ளையே இந்தக் கணக்கைச் செய்துவிடும்.

ஒரு கவனம்: முற்பணமும் காலமும் ஒன்றாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு சரி. 48 மாதத் தாளையும் 60 மாதத் தாளையும் அருகருகே வைத்துத் தவணையைப் பார்த்தால் நீண்ட காலத் தாள் எப்போதும் மலிவாகவே தெரியும்.

தாளில் தெரியாத செலவுகள்

லீசிங் முடியும் வரை முழுமையான காப்புறுதி வேண்டும் என்று நிறுவனம் கேட்கும். அது வருடா வருடம் வரும். அதனுடன் வருமான அனுமதிப்பத்திரம், சேர்விஸ், டயர், எரிபொருள். ஆரம்பத்திலேயே ஆவணக் கட்டணமும் எடுப்பார்கள். இவற்றைப் பன்னிரண்டால் வகுத்துத் தவணையுடன் சேர்த்தால்தான் காரின் உண்மையான மாதச் செலவு தெரியும்.

இடையில் முடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். "24 மாதம் கட்டிய பின் முடித்தால் எவ்வளவு தர வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது தாளில் 24 மாதத்தில் கட்டியிருப்பது 17,12,880 ரூபா. அதில் முதல் குறைந்திருப்பது ஏறத்தாழ 9,41,000 ரூபா மட்டுமே. இன்னும் 20 இலட்சத்துக்கு மேல் பாக்கி. "இவ்வளவு கட்டியும் இவ்வளவா?" என்று பலர் அப்போதுதான் திகைக்கிறார்கள்.

"பிறகு நல்ல விலைக்கு விற்கலாம்" என்ற நம்பிக்கையிலும் கணக்குப் போடாதீர்கள். எமது நாட்டில் வாகன விலை வாகனத்தை மட்டும் பொறுத்ததல்ல. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு வரி மாற்றம், ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும், எமது கணக்கு பிழைத்துவிடும்.

கார் யாருடையது?

பதிவுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். முழுமையான உரிமையாளராக இருப்பது நிறுவனம். கடைசித் தவணை கட்டி முடித்து உரிமை மாற்றப்படும் வரை அது அவர்களது சொத்து. தவணைகள் தவறினால் வாகனத்தை எடுத்துச் செல்வது இதனால்தான். விற்ற பின்னும் பாக்கி இருந்தால் அதையும் கேட்பார்கள். உங்களிடம் கேட்டுக் கிடைக்காவிட்டால் பிணையாளரிடம் போவார்கள். மச்சானுக்காகப் பிணை நின்று, சம்பளத்தில் வெட்டு விழுந்து, இரண்டு குடும்பங்கள் பேசாமல் போன கதைகள் எமது ஊரில் புதியவை அல்ல. பிணைக் கையொப்பம் மரியாதைக்குப் போடும் கையொப்பம் அல்ல. அதுவும் ஒரு கடனே.

லீசிங் தொழில் 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வருகிறது. நிறுவனம் இலங்கை மத்திய வங்கியில் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். விலையில் எத்தனை வீதம் வரை லீசிங் தரலாம் என்பதையும் மத்திய வங்கியே வாகன வகைக்கு ஏற்பத் தீர்மானிக்கிறது. அது அடிக்கடி மாறுவதால் அன்றைய எல்லையைக் கேட்டறியுங்கள். நிறுவனத்துடன் பேசியும் தீராத முறைப்பாட்டை மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் உறவுகள் திணைக்களத்தில் கொடுக்கலாம்.

"இஸ்லாமிய லீசிங்" என்றால்?

வட்டி தடுக்கப்பட்டது என்பதை அறியாதவர் எம்மில் இல்லை. அதனால்தான் பலர் இஜாரா முறையைத் தேடுகிறார்கள். ஆனால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பிக் கையொப்பமிடக் கூடாது. இஜாரா என்பது வாடகை. உரிமையாளர் உரிமையாளரின் பொறுப்பைச் சுமக்க வேண்டும். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்குத் தரங்களை வகுக்கும் பஹ்ரைனின் அயோபி அமைப்பு, தனது 9ஆவது ஷரீஆத் தரத்தில் இதை விரிவாகக் கூறுகிறது. அதையொட்டி நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. வாகனம் எம் கைக்கு வருவதற்கு முன்பே வாடகை தொடங்குகிறதா?
2. பெரிய பழுதும் காப்புறுதி அல்லது தகாபுல் பொறுப்பும் யாருடையது?
3. எமது தவறின்றி வாகனம் முற்றாக அழிந்தால் வாடகை நிற்கிறதா?
4. தாமதித்தால் அறவிடும் தொகை நிறுவனத்தின் வருமானமா, அல்லது தர்மத்துக்குச் செல்கிறதா?

பதில்களை எழுத்தில் வாங்கி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் காட்டுங்கள். பிறகு மேலே சொன்ன மொத்தக் கணக்கையும் போடுங்கள். ஆகுமானதாக இருப்பதும் எம்மால் தாங்கக்கூடியதாக இருப்பதும் இரு வேறு விடயங்கள்.

ஒரு ஒத்திகை

தீர்மானிக்கத் தடுமாறுபவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். காரின் முழு மாதச் செலவை, கார் வாங்காமலே, ஆறு மாதம் தனியாக ஒதுக்கி வையுங்கள். நோன்பு மாதமும் பெருநாளும் பாடசாலைச் செலவும் அதற்குள் வரட்டும். ஒரு மாதம் கூடத் தவறாமல் வைக்க முடிந்தால் உங்களால் தாங்க முடியும். சேர்ந்த பணம் முற்பணத்தைக் கூட்டும். மூன்றாம் மாதமே கை வைக்க நேர்ந்தால், நகையை இழக்காமல் ஒரு பாடம் கற்றுக்கொண்டீர்கள்.

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடனை எழுதிக்கொள்வது பற்றியது, 2:282. வாசகத்தைச் சொல்லும் பொறுப்பை அது கடன்படுபவரிடமே ஒப்படைக்கிறது. தான் எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் அல்லவா? நாமோ, விளங்காத மொழியில் அச்சிட்ட பத்துப் பக்கங்களில் காட்டிய இடத்திலெல்லாம் கையொப்பமிட்டு எழுந்து வருகிறோம்.

அந்தச் சகோதரரும் மனைவியும் அன்று பிணை கேட்காமலே திரும்பினார்கள். இப்போது கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு பழைய சிறிய காரைத் தேடுகிறார்கள். அதுவரை கிளினிக் நாட்களில் முச்சக்கர வண்டி.

உங்கள் கையிலும் ஒரு கொட்டேஷன் இருந்தால், கையொப்பமிட முன் எமது அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம். கடன் சுமையிலிருந்து எம் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக.