காலில் புண், பேச்சில் தடுமாற்றம்

முள்ளக்காட்டு உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களுக்குக் கால்வெடிப்பு பழகிப்போனது. தெரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவரைத் திருக்கை கொட்டுவதும், வலை உதறும்போது கெளுத்தி முள் ஏறுவதும் அப்படித்தான். மஞ்சள் பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். நாலு நாளில் காய்ச்சல் அடிக்கிறது. வீட்டுப் பெரியவர் சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறார். ராத்திரியில், எப்போதோ விற்ற வள்ளத்தைத் தேடுகிறார். காத்துக்கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிடவும் கூடாது.

புண்ணில் கிருமியோடு மோதும் செல்கள் சைட்டோகைன் என்ற சேதிப்புரதங்களைச் சுரக்கின்றன. அந்தச் சேதி ரத்தம் வழியாகவும் நரம்பு வழியாகவும் மூளைக்கு எட்டுகிறது. மூளை கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதில்லை. அதன் காவல் செல்களான மைக்ரோகிளியா, இன்டர்லூகின்-1 போன்ற அதே புரதங்களை அங்கேயே சுரக்கத் தொடங்குகின்றன. கிருமி மூளைக்குள் நுழையாமலே இது நடக்கும். காய்ச்சல், அசதி, பசியின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் இதிலிருந்து வருபவை. நோயுற்ற விலங்கு ஒதுங்கிப் படுப்பதும் உடம்பைக் காக்கும் ஏற்பாடே என்று கால்நடை மருத்துவ அறிஞர் பெஞ்சமின் ஹார்ட் 1988-இல் எழுதினார். ஆகவே காய்ச்சல்காரரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள், படுக்க விடுங்கள்.

முதியவர்களின் மைக்ரோகிளியா சட்டென்று மிகையாகக் கொந்தளிக்கும். சிறு புண்ணே புத்தியைக் குழப்பிவிடலாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று பிதற்றினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரி என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். "நேற்று நன்றாகப் பேசினார்" என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள், காலையும் காட்டுங்கள்.

பாராசிட்டமால் சூட்டைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. சூடு இறங்கியதும் புண் ஆறிவிட்டதாக நினைத்து இருந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் ஆபத்து, தொற்றை மறைத்து வளரவிடும். தூக்க மாத்திரையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

திருக்கை கொட்டினால் பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணிக்கு மேல் காலை வையுங்கள், வலி தணியும். சர்க்கரை நோயில் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. நீரை வேறொருவர் கைவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தொற்றுக்கும் டெட்டனஸ் ஊசிக்கும் மருத்துவரைப் பாருங்கள்.

புத்தி குழம்பிய பெரியவரை வார்டில் சேர்த்தால், அவருடைய கண்ணாடியை அவரிடமே கொடுங்கள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.